கீழ்வீட்டு மடிக்கணினியிலிருந்து மாடிக் கணினிக்கு ரிமோட் டெஸ்க்டாப் இணையவில்லை

மாடிப்படி

வணக்கம். அம்மாவுக்கு முழங்காலில் அறுவை சிகிச்சை நடந்திருக்கிறது. சில மாதங்களுக்குப் படி ஏறவே கூடாது என்று மருத்துவர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அம்மா மொழிபெயர்ப்பாளர். அவர் ஆண்டுக்கணக்கில் சேர்த்துவைத்த சொற்கோவைகளும் மொழிபெயர்ப்பு மென்பொருளும் மாடி அறை மேசைக் கணினியில்தான் இருக்கின்றன. மென்பொருளின் உரிமம் அந்த ஒரு கணினிக்கு மட்டுமே. ஆகவே கீழே படுக்கைக்குப் பக்கத்தில் ஒரு மடிக்கணினியை வைத்து, அதிலிருந்து ரிமோட் டெஸ்க்டாப் வழியாக மாடிக் கணினியை இயக்கலாம் என்று முடிவு செய்தோம்.

மாடிக் கணினியில் விண்டோஸ் 11 புரோ, மடிக்கணினியில் விண்டோஸ் 11 ஹோம். மாடிக் கணினியின் அமைப்புகளில் ரிமோட் டெஸ்க்டாப்பை இயக்கிவிட்டேன். கீழிருந்து இணைத்தால் சிறிது நேரம் சுற்றிவிட்டு, தொலைக் கணினியுடன் இணைய முடியவில்லை என்று சொல்கிறது. கூடவே மூன்று காரணங்களை அடுக்குகிறது: தொலை அணுகல் இயக்கப்படவில்லை, அந்தக் கணினி அணைந்திருக்கிறது, அல்லது வலையமைப்பில் கிடைக்கவில்லை. முதல் இரண்டும் கிடையாது என்று உறுதியாகத் தெரியும்.

எனக்குப் புரியாதது இதுதான். அதே மடிக்கணினியை மாடிக்கு எடுத்துச் சென்று, அதே ஐபி முகவரியைக் கொடுத்தால் பயனர் பெயரும் கடவுச்சொல்லும் கேட்கும் கட்டம்வரை போகிறது. அங்கேயும் உள்ளே விடுவதில்லை, கொடுத்த விவரங்கள் சரியில்லை என்கிறது. ஆனாலும் கேட்கவாவது செய்கிறது. கீழே வந்தால் அதுவும் இல்லை. கீழே வைஃபை சிக்னல் குறைவாக இருப்பதால் இப்படி ஆகுமா? அம்மாவுக்கு இந்த மாத இறுதிக்குள் முடித்துக் கொடுக்க வேண்டிய வேலை இருக்கிறது. உதவி செய்யுங்கள்.

வேகநதி

இரண்டு கணினிகளிலும் உள்வரும் இணைப்புகளைத் தடுக்கும் ஃபயர்வாலை முழுதாக அணைத்துவிடுங்கள். அப்படியும் வரவில்லை என்றால் ரவுட்டருக்குள் போய், ரிமோட் டெஸ்க்டாப் இணைப்பு நுழையும் வாசலான 3389 போர்ட்டை மாடிக் கணினிக்குத் திறந்துவிடுங்கள். பெரும்பாலும் இதிலேயே முடிந்துவிடும்.

திசைமானி

தயவுசெய்து இதைச் செய்ய வேண்டாம். இணையத்தை எதிர்கொண்டிருக்கும் ரவுட்டரில் 3389-ஐத் திறந்தால் உலகத்தில் யார் வேண்டுமானாலும் அந்தக் கணினியின் நுழைவுத் திரைவரை வரலாம். திறந்திருக்கும் போர்ட்டுகளைத் தேடி முகவரி முகவரியாகத் தட்டிப் பார்க்கும் நிரல்கள் இரவு பகலாக ஓடிக்கொண்டிருக்கின்றன. கண்டுபிடித்ததும் கடவுச்சொல்லை ஊகிக்கத் தொடங்குவார்கள். கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் கும்பல்கள் உள்ளே நுழையப் பயன்படுத்தும் வழிகளில் இது மிகவும் பழகிப்போன ஒன்று. எண்ணை 3389-இலிருந்து வேறு எதற்காவது மாற்றினாலும் பயனில்லை. அதையும் தேடுவார்கள்.

கடவுச்சொல் வலுவாக இருந்தால் போதும் என்றும் நினைக்க வேண்டாம். 2019 மே மாதம் வெளிவந்த ‘புளூகீப்’ குறைபாட்டுக்குக் கடவுச்சொல்லே தேவைப்படவில்லை. விண்டோஸ் 7, எக்ஸ்பி போன்ற பழைய பதிப்புகளின் ரிமோட் டெஸ்க்டாப் சேவையில் இருந்த ஓட்டை அது. எக்ஸ்பிக்கான ஆதரவை 2014-இலேயே நிறுத்திவிட்ட மைக்ரோசாஃப்ட், இந்த ஒன்றுக்காக அதற்கும் திருத்தம் வெளியிட்டது. அவ்வளவு தீவிரமாக எடுத்துக்கொண்டார்கள். விண்டோஸ் 11-இல் அந்தக் குறைபாடு இல்லை. ஆனால் அடுத்தது எப்போது வரும் என்று யாராலும் சொல்ல முடியாது.

ஒரு தாயாரின் பல்லாண்டு உழைப்பு அந்தக் கணினியில் இருக்கிறது என்கிறார். வீட்டுக்குள்ளேயே இணைக்க வேண்டிய ஒன்றுக்காக அதை வீதியில் வைக்க வேண்டுமா?

வேகநதி

நீங்கள் சொல்வது நியாயம்தான். ஆனால் சோதிப்பதற்காக ஃபயர்வாலைச் சிறிது நேரம் நிறுத்திப் பார்ப்பதில் என்ன தவறு?

கம்பிவழி

வீட்டுக்குள் சில நிமிடங்கள் நிறுத்திப் பார்த்து உடனே திரும்ப இயக்குவதில் பெரிய ஆபத்து இல்லை. ஆனால் இந்தப் பிரச்சினைக்கு அது எதையும் சொல்லித் தராது. மாடியில் வைத்துப் பார்க்கும்போது கடவுச்சொல் கேட்கிறது அல்லவா? அப்படியென்றால் மாடிக் கணினியின் ஃபயர்வால் ரிமோட் டெஸ்க்டாப்பை வழிவிட்டுத்தான் வைத்திருக்கிறது. சேவையும் ஓடுகிறது. இடம் மாறும்போது மட்டும் தடை வருகிறது என்றால், தடை கணினியில் இல்லை, நடுவில் இருக்கிறது.

மாடிப்படி, இதில் இரண்டு தனித்தனிப் பிரச்சினைகள் இருக்கின்றன. கீழிருந்து போய்ச் சேரவே முடியவில்லை என்பது ஒன்று. போய்ச் சேர்ந்த பிறகும் உள்ளே விடவில்லை என்பது இன்னொன்று. முதலாவது வலையமைப்பைப் பற்றியது, இரண்டாவது கணக்கைப் பற்றியது. இரண்டையும் ஒரே நேரத்தில் கிளறினால் எது எதனால் சரியானது என்றே தெரியாமல் போய்விடும். முதலில் வழியைச் சரிசெய்வோம். அதுவரை கடவுச்சொல்லைத் தொட வேண்டாம்.

வைஃபை சிக்னல் குறைவாக இருந்தால் படம் தேங்கும், இணைப்பு விட்டு விட்டு வரும். எப்போதும் ஒரே மாதிரி இணையவே மாட்டேன் என்று அடம்பிடிக்காது. அதனால் என் சந்தேகம் வேறு. இவற்றைப் பார்த்து எழுதுங்கள்.

கீழே இருக்கும்போது மடிக்கணினியில் கட்டளைச் சாளரத்தைத் திறந்து ‘ஐபிகான்ஃபிக்’ என்று கொடுங்கள். மாடிக் கணினியிலும் அதையே செய்யுங்கள். இரண்டிலும் ஐபிவி4 முகவரி, டிஃபால்ட் கேட்வே (அந்தக் கணினி இணைந்திருக்கும் ரவுட்டரின் முகவரி) ஆகிய இரண்டு வரிகள் மட்டும் போதும். 192.168 என்று தொடங்கும் முகவரிகள் வீட்டுக்குள் மட்டுமே செல்லுபடியாகும். பொதுவெளியில் எழுதலாம், கவலை வேண்டாம்.

அடுத்து, மடிக்கணினியில் பவர்ஷெல்லைத் திறந்து ‘டெஸ்ட்-நெட்கனெக்‌ஷன்’ கட்டளையில் மாடிக் கணினியின் முகவரியையும் போர்ட் 3389 என்பதையும் கொடுங்கள். கடைசி வரியில் ‘ட்ரூ’ வருகிறதா, ‘ஃபால்ஸ்’ வருகிறதா என்று சொல்லுங்கள். பிங் (அந்தக் கணினி பதில் தருகிறதா என்று பார்க்கும் சிறு சோதனை) மட்டும் செய்து பார்த்து முடிவுக்கு வர வேண்டாம். பிங்கை ஃபயர்வால் தனியாகத் தடுத்திருக்கலாம். பிங்குக்குப் பதில் தராத கணினியிலும் ரிமோட் டெஸ்க்டாப் நன்றாகவே வேலை செய்யும்.

இன்னும் ஒன்று. வீட்டில் ரவுட்டர்கள் எத்தனை?

மாடிப்படி

உடனே பதில் எழுதியதற்கு நன்றி ஐயா. முடிவுகள் இவை.

மாடிக் கணினி: முகவரி 192.168.1.23, கேட்வே 192.168.1.1.
கீழே மடிக்கணினி: முகவரி 192.168.0.14, கேட்வே 192.168.0.1.

போர்ட் சோதனையில் ‘ஃபால்ஸ்’ வந்தது. பிங்குக்கும் பதில் இல்லை.

ரவுட்டர்கள் இரண்டு. கீழே இணைய நிறுவனம் கொடுத்தது ஒன்று. மாடியில் சிக்னல் எட்டவில்லை என்று பிறகு இன்னொன்று வாங்கி, கீழிருந்து கேபிள் இழுத்து வைத்தோம். மாடிக் கணினி அதில் கேபிளால் இணைந்திருக்கிறது. இரண்டு ரவுட்டருக்கும் ஒரே வைஃபை பெயர், ஒரே கடவுச்சொல். பொருத்தியவர் அப்படி வைத்துக் கொடுத்தார்.

இன்னொன்றும் கவனித்தேன். மாடிக் கணினியின் உலாவியில் 192.168.0.1 என்று போட்டால் கீழ் ரவுட்டரின் பக்கம் திறக்கிறது. கீழிருந்து 192.168.1.1 என்று போட்டால் எதுவுமே வருவதில்லை.

கம்பிவழி

நீங்கள் கடைசியாகக் கவனித்ததிலேயே விடை இருக்கிறது.

இரண்டு முகவரிகளிலும் மூன்றாவது எண்ணைப் பாருங்கள். மேலே 1, கீழே 0. உங்கள் வீட்டில் ஓடுவது ஒரு வலையமைப்பு அல்ல, இரண்டு. மாடி ரவுட்டர் தனக்குக் கீழே தனியாக ஒரு வலையமைப்பை உருவாக்கி, தானே முகவரிகளைப் பகிர்ந்து கொடுத்துக்கொண்டிருக்கிறது. கீழ் ரவுட்டரைப் பொறுத்தவரை மாடியில் ஒரே ஒரு சாதனம்தான் உண்டு, அந்த மாடி ரவுட்டர். அதற்குப் பின்னால் ஒரு கணினி இருப்பதே அதற்குத் தெரியாது.

மேலிருந்து கீழே வர முடிவதற்குக் காரணம், மாடி ரவுட்டர் உள்ளிருந்து வெளியே போகும் எல்லாவற்றையும் தன் பெயரில் அனுப்பிவைத்து, பதில் வந்ததும் உரியவரிடம் சேர்த்துவிடுகிறது. இணையத்துக்குப் போவதும் கீழ் ரவுட்டரின் பக்கத்துக்குப் போவதும் அதற்கு ஒன்றுதான். ஆனால் கீழிருந்து யாரும் கேட்காமல் புதிதாக ஒரு இணைப்பு வந்தால், அதை யாரிடம் கொடுப்பது என்று அதற்குத் தெரியாது. உங்கள் மடிக்கணினி 192.168.1.23 வேண்டும் என்று கேட்கும்போது நிலைமை அதைவிட மோசம். அந்தக் கோரிக்கை மாடி ரவுட்டர்வரைகூடப் போவதில்லை. அப்படி ஒரு முகவரிக்கு வழி தெரியாத கீழ் ரவுட்டர் அதை இணையத்தின் பக்கம் தள்ளிவிடுகிறது, அது அங்கேயே காணாமல் போகிறது.

வைஃபை பெயர் ஒன்றாக இருப்பதால்தான் இது இவ்வளவு நாள் கண்ணில் படவில்லை. மாடி ஏறும்போது மடிக்கணினி ஓசையில்லாமல் மாடி ரவுட்டருக்குத் தாவிவிடுகிறது. அங்கே அதற்கு 192.168.1 என்று தொடங்கும் முகவரி கிடைக்கிறது, இரண்டும் ஒரே வலையமைப்பில் சேர்கின்றன, கடவுச்சொல் கேட்கிறது.

இதை உறுதிப்படுத்த விரும்பினால் மாடிக் கணினியில் ‘ட்ரேசர்ட் 8.8.8.8’ என்று கொடுத்துப் பாருங்கள். முதல் வரியில் 192.168.1.1, இரண்டாவது வரியில் 192.168.0.1 வரும். இரண்டு வாசல்களைக் கடந்துதான் வெளியே போகிறீர்கள் என்று பொருள்.

தீர்வு: மாடி ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தில் ‘ஆக்சஸ் பாயிண்ட்’ என்று ஒரு முறை இருக்கும். ‘ஆபரேஷன் மோட்’ என்ற தலைப்பின் கீழே தேடுங்கள். அதற்கு மாற்றினால் ரவுட்டர் முகவரி கொடுக்கும் வேலையை விட்டுவிட்டு வைஃபையையும் கேபிளையும் மட்டும் பார்த்துக்கொள்ளும். எல்லாச் சாதனங்களுக்கும் கீழ் ரவுட்டரே முகவரி கொடுக்கும். மாற்றிய பிறகு 192.168.1.1 என்ற பழைய முகவரியில் அந்தப் பக்கம் திறக்காமல் போகலாம். பயப்பட வேண்டாம், அதற்கும் கீழ் ரவுட்டர் புது முகவரி கொடுத்திருக்கும்.

அப்படி ஒரு முறை இல்லாத பழைய ரவுட்டர் என்றால் சொல்லுங்கள், வேறு வழி இருக்கிறது.

பனையோலை

இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும். என் வீட்டில் இருப்பது அந்தப் பழைய வகை. அந்த வேறு வழி என்ன என்று சொல்ல முடியுமா?

கம்பிவழி

பனையோலை, முதலில் அந்த இரண்டாவது ரவுட்டரின் உள்முகவரியை முதல் ரவுட்டரின் வரிசைக்கு மாற்றுங்கள். உதாரணமாக 192.168.0.250. வேறு எந்தச் சாதனத்துக்கும் அந்த எண் போய்விடாதபடி, முதல் ரவுட்டர் பகிர்ந்து கொடுக்கும் எல்லைக்கு வெளியே இருக்கட்டும். பிறகு இரண்டாவது ரவுட்டரில், சாதனங்களுக்குத் தானாக முகவரி கொடுக்கும் டிஎச்சிபியை நிறுத்துங்கள். கடைசியாக, முதல் ரவுட்டரிலிருந்து வரும் கேபிளை ‘வான்’ (வெளி இணைப்புக்கான) துளையிலிருந்து எடுத்து ‘லான்’ (வீட்டுச் சாதனங்களுக்கான) துளைகளில் ஒன்றில் செருகுங்கள். இந்த வரிசையிலேயே செய்யுங்கள். கேபிளை முதலில் மாற்றிவிட்டால் ஒரே வலையமைப்பில் இரண்டு ரவுட்டர்கள் போட்டி போட்டு முகவரி கொடுத்து, எல்லாமே குழம்பிவிடும்.

வேகநதி

ஒரு கேள்வி. நான் சொன்ன போர்ட் திறப்பை மாடி ரவுட்டரில் மட்டும் செய்தால்? அது இணையத்தை நேரடியாக எதிர்கொள்ளவில்லையே.

கம்பிவழி

நல்ல கேள்வி. அது வேலை செய்யும். மாடி ரவுட்டரில் 3389-ஐ 192.168.1.23-க்குத் திருப்பிவிட்டு, கீழிருந்து மாடி ரவுட்டரின் வெளிமுகவரிக்கு, அதாவது 192.168.0 என்று தொடங்கும் முகவரிக்கு இணைத்தால் கணினி கிடைக்கும். கீழ் ரவுட்டரைத் தொடாதவரை இணையத்திலிருந்து யாரும் வர முடியாது. திசைமானி எச்சரித்த ஆபத்து அதில் இல்லை.

ஆனாலும் நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். இன்றைக்கு ரிமோட் டெஸ்க்டாப், நாளைக்கு அச்சு இயந்திரம், அடுத்து கோப்புப் பகிர்வு என்று ஒவ்வொன்றுக்கும் துளை போட்டுக்கொண்டே போக வேண்டியிருக்கும். வீட்டில் எல்லாச் சாதனங்களும் ஒன்றையொன்று பார்க்க வேண்டும் என்றால் வலையமைப்பு ஒன்றாக இருப்பதே நல்லது.

மாடிப்படி

ட்ரேசர்ட்டில் நீங்கள் சொன்னபடியே இரண்டு வரிகளும் வந்தன. ஆக்சஸ் பாயிண்ட் முறையும் இருந்தது, மாற்றிவிட்டேன். மாடிக் கணினிக்கு இப்போது 192.168.0.31 என்ற முகவரி கிடைத்திருக்கிறது.

ஆனால் போர்ட் சோதனையில் இன்னும் ‘ஃபால்ஸ்’தான். பிங்குக்கும் பதில் இல்லை. இப்போது மடிக்கணினியை மாடிக்கே கொண்டு போனாலும் கடவுச்சொல் கேட்பதில்லை. முன்பு இருந்ததும் போய்விட்டது. அம்மா பரவாயில்லை என்கிறார், எனக்குத்தான் மனம் தவிக்கிறது.

கம்பிவழி

மனம் தளர வேண்டாம், இது பின்னடைவு அல்ல. முன்பு இடத்தைப் பொறுத்து மாறியது. இப்போது எங்கிருந்து பார்த்தாலும் ஒரே விடை வருகிறது. ஆகவே நடுவில் இருந்த தடை போய்விட்டது. மிச்சமிருப்பது மாடிக் கணினியிலேயே இருக்கிறது.

மாடிக் கணினிக்கு இது புது வலையமைப்பு. புது இடத்தை நம்பலாமா என்று அது மறுபடியும் முடிவெடுத்திருக்கும். இரண்டு இடங்களில் பாருங்கள். அமைப்புகளில் ‘நெட்வொர்க் அண்ட் இன்டர்நெட்’ பகுதியில் ஈதர்நெட் இணைப்பைத் திறந்தால், அது ‘பப்ளிக்’ என்று இருக்கிறதா, ‘பிரைவேட்’ என்று இருக்கிறதா தெரியும். வீட்டு வலையமைப்பு பிரைவேட்டாக இருக்க வேண்டும். அடுத்து, விண்டோஸின் ஃபயர்வால் தவிர வேறு நிறுவனத்தின் பாதுகாப்பு மென்பொருள் ஏதாவது நிறுவியிருக்கிறீர்களா? பலவற்றில் தனி ஃபயர்வாலும், நம்பகமான வலையமைப்புகளின் தனிப் பட்டியலும் உண்டு. விண்டோஸில் என்ன மாற்றினாலும் அந்தப் பட்டியல் தானாக மாறாது.

மாடிப்படி

பப்ளிக் என்றுதான் இருந்தது, பிரைவேட்டாக மாற்றினேன். அதன் பிறகும் ‘ஃபால்ஸ்’. பிறகு வைரஸ் தடுப்பு மென்பொருளைத் திறந்து பார்த்தேன். பழைய வலையமைப்பு அதன் நம்பகப் பட்டியலில் இருந்தது. புதியதை ‘பொது இடம்’ என்று தானே முடிவு செய்து எல்லா உள்வரும் இணைப்புகளையும் அடைத்துவைத்திருந்தது. வீட்டு வலையமைப்பு என்று மாற்றினேன்.

‘ட்ரூ’! கீழே அம்மாவின் கட்டிலில் உட்கார்ந்துதான் சோதித்தேன்.

இப்போது கடவுச்சொல் கேட்கிறது, கொடுத்தால் ஏற்க மறுக்கிறது. மாடிக் கணினியில் அம்மா மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைகிறார். தினமும் நான்கு இலக்கப் பின் எண்தான் போடுவார். அதையே கொடுத்தேன், இல்லை என்றது. கணக்கின் கடவுச்சொல்லைக் கொடுத்தேன், அதையும் இல்லை என்றது. அதே கடவுச்சொல்லில் உலாவி வழியாக மின்னஞ்சலுக்குள் போக முடிகிறது. ஆகவே கடவுச்சொல் சரியானதுதான்.

ஊசிநூல்

தம்பி, இதற்கு நான் சொல்கிறேன். எங்கள் வீட்டிலும் இதே கதைதான்.

பின் எண் அந்தக் கணினியின் முன்னால் உட்கார்ந்திருப்பவருக்கு மட்டுமே. அது அந்த இயந்திரத்தோடு பிணைக்கப்பட்டது. ரிமோட் டெஸ்க்டாப்பில் அது ஒருநாளும் செல்லாது, கணக்கின் கடவுச்சொல்தான் வேண்டும். பயனர் பெயரில் முழு மின்னஞ்சல் முகவரியைக் கொடுங்கள். முன்னால் ‘மைக்ரோசாஃப்ட்அக்கவுண்ட்’ என்று ஆங்கிலத்தில் இடைவெளி இல்லாமல் எழுதி, ஒரு பின்சாய்வுக் கோடு போட்டு, அதற்குப் பிறகு மின்னஞ்சல்.

அப்படியும் மறுத்தால் காரணம் இது. கணினியை அமைத்த நாளிலிருந்து அம்மா பின் எண்ணிலேயே நுழைந்திருந்தால், அந்தக் கணினி அவருடைய கடவுச்சொல்லைப் பார்த்ததே இல்லை. பார்க்காத ஒன்றை அது எதோடு ஒப்பிடும்? இடையில் கடவுச்சொல்லை இணையத்தில் மாற்றியிருந்தாலும் இதே நிலைதான். கணினியில் பழையதே தங்கியிருக்கும்.

மாடிக்குப் போய், அமைப்புகளில் ‘அக்கவுண்ட்ஸ்’, அதற்குள் ‘சைன்-இன் ஆப்ஷன்ஸ்’ பகுதியைத் திறங்கள். மைக்ரோசாஃப்ட் கணக்குகளுக்கு விண்டோஸ் ஹலோ (பின் எண், முகம், கைரேகை) நுழைவை மட்டுமே அனுமதி என்று ஒரு பொத்தான் இருக்கும். அதை அணையுங்கள். பிறகு கணினியைப் பூட்டி, நுழைவுத் திரையில் வேறு வழிகளைக் காட்டும் இணைப்பைத் தொட்டுக் கடவுச்சொல்லைத் தேர்ந்தெடுத்து, ஒரு முறை கடவுச்சொல்லைத் தட்டச்சு செய்தே உள்ளே போங்கள். அதற்குப் பிறகு அம்மா வழக்கம்போல் பின் எண்ணுக்கே திரும்பிவிடலாம். கடவுச்சொல் கணினியில் பதிந்துவிடும்.

திசைமானி

தனியாக ஒரு லோக்கல் கணக்கு (அந்தக் கணினிக்கு மட்டுமான கணக்கு) உருவாக்கி அதற்குக் கடவுச்சொல் வைத்துவிட்டால் இன்னும் எளிது என்று சிலர் சொல்வார்கள். பொதுவாக நல்ல வழிதான். அந்தக் கணக்கை ‘ரிமோட் டெஸ்க்டாப் யூசர்ஸ்’ குழுவில் சேர்த்தால் போதும். ஆனால் இங்கே அது உதவாது. அம்மாவின் சொற்கோவைகள், மென்பொருள் அமைப்புகள் எல்லாம் அவருடைய கணக்கில் இருக்கின்றன. வேறு கணக்கில் நுழைந்தால் வெறும் மேசைதான் கண்ணில் படும்.

லோக்கல் கணக்கை நாடுபவர்களுக்கு ஒரு குறிப்பு: கடவுச்சொல்லே இல்லாத கணக்கு ரிமோட் டெஸ்க்டாப்பில் நுழையாது. வெற்றுக் கடவுச்சொல்லை நேரடியாகக் கணினியின் முன்னால் மட்டுமே விண்டோஸ் ஏற்கும். அந்தக் கட்டுப்பாட்டைத் தளர்த்தாதீர்கள், கடவுச்சொல் வையுங்கள்.

மாடிப்படி

ஊசிநூல் அக்கா, நீங்கள் சொன்ன பொத்தானை அணைத்து, ஒரு முறை கடவுச்சொல்லால் நுழைந்தேன். கீழே வந்து இணைத்தேன். சான்றிதழைச் சரிபார்க்க முடியவில்லை என்று ஒரு மஞ்சள் எச்சரிக்கை வந்தது. ‘ஆம்’ என்றதும் மாடிக் கணினியின் திரை கண் முன்னால் வந்துவிட்டது. அம்மா உடனே தன் சொற்கோவையைத் திறந்து, விட்ட இடத்திலிருந்து தொடங்கிவிட்டார். எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி.

அந்த எச்சரிக்கை ஆபத்தானதா? இந்த 31 என்ற முகவரி அப்படியே இருக்குமா?

கம்பிவழி

மிகுந்த மகிழ்ச்சி. எச்சரிக்கைக்குக் காரணம், மாடிக் கணினி தனக்குத் தானே எழுதிக்கொண்ட சான்றிதழைக் காட்டுவதுதான். உங்கள் வீட்டுக் கணினிதான் என்று தெரிந்து இணைக்கும்போது அது வழக்கமான ஒன்று. ஆனால் மறுபடி கேட்காதே என்று ஒரு முறை குறித்துவிட்ட பிறகு, ஒருநாள் திடீரென்று அதே எச்சரிக்கை வந்தால் நின்று கவனியுங்கள். முகவரி மாறி வேறு ஏதோ சாதனத்துக்குப் போயிருக்கலாம்.

முகவரி தானாக நிலைத்திருக்காது. ரவுட்டர் அதைக் குறிப்பிட்ட காலத்துக்குத்தான் கொடுக்கிறது. கீழ் ரவுட்டரின் பக்கத்தில் ‘டிஎச்சிபி ரிசர்வேஷன்’ அல்லது ‘அட்ரஸ் ரிசர்வேஷன்’ என்ற பகுதியில் மாடிக் கணினியின் மேக் முகவரிக்கு (நெட்வொர்க் அட்டையின் அடையாள எண்) 192.168.0.31-ஐ ஒதுக்கிவிடுங்கள். கணினியிலேயே நிலையான முகவரியை எழுதிவைப்பதைவிட இது மேல். ரவுட்டருக்கும் தெரிந்தே நடப்பதால் அதே எண்ணை வேறொருவருக்குக் கொடுத்துவிடாது.

அவசியம் செய்ய வேண்டியது ஒன்று பாக்கி. மாடிக் கணினி உறங்கிவிட்டால் ரிமோட் டெஸ்க்டாப் அதை எழுப்பாது. பழையபடி முதல் நாள் பார்த்த அதே செய்திதான் வரும், அம்மாவால் மாடி ஏறி எழுப்பவும் முடியாது. பவர் அமைப்புகளில் கணினி உறங்குவதை ‘ஒருபோதும் வேண்டாம்’ என்று வையுங்கள். திரை மட்டும் அணையலாம், அதனால் தொந்தரவு இல்லை. மின்சாரத்தை மிச்சப்படுத்த வேண்டும் என்றால், உறங்கும் கணினியை வலையமைப்பு வழியாக எழுப்பும் ‘வேக்-ஆன்-லான்’ இருக்கிறது. மடிக்கணினியிலிருந்து ஒரு சிறிய செய்தி போகும். ஆறு பைட்டுகள் முழு மதிப்பில், அதைத் தொடர்ந்து மாடிக் கணினியின் மேக் முகவரி 16 முறை, ஆக 102 பைட். கேபிளில் காத்திருக்கும் நெட்வொர்க் அட்டை அதைக் கண்டதும் கணினியை எழுப்பும். பயாஸிலும் (கணினி தொடங்கும்போது வரும் அடிப்படை அமைப்பு) விண்டோஸிலும் அதை இயக்கிவைக்க வேண்டும். ஆனால் ஒவ்வொரு தாய்ப்பலகையிலும் அது ஒவ்வொரு பெயரில் ஒளிந்திருக்கும். இந்த மாத வேலை முடியும்வரை உறக்கத்தை நிறுத்தி வைப்பதே நிம்மதி.

நடுவழி

இந்த இழையைப் படித்துவிட்டு என் கணினியையும் சோதித்தேன். ஒரே ரவுட்டர், ஒரே முகவரி வரிசை, எல்லாம் சரி. ஆனாலும் அலுவலக மடிக்கணினியிலிருந்து மட்டும் வீட்டுக் கணினி கிடைப்பதில்லை. என் சொந்த மடிக்கணினியிலிருந்து கிடைக்கிறது.

திசைமானி

அலுவலக வலையமைப்போடு சுரங்கம்போல் இணைக்கும் விபிஎன் ஓடிக்கொண்டிருக்கிறதா? சில விபிஎன்கள் வீட்டு வலையமைப்புக்குப் போகும் போக்குவரத்தையும் சேர்த்துச் சுரங்கத்துக்குள் இழுத்துவிடும். துண்டித்துவிட்டுப் பாருங்கள், கிடைத்தால் காரணம் அதுதான். அலுவலகக் கணினியின் விதிகளை நீங்களாக மாற்ற வேண்டாம், அங்கே கேட்டுச் செய்யுங்கள். விருந்தினர் வைஃபையில் இணைந்திருந்தாலும் இப்படி ஆகும். அதன் வேலையே சாதனங்களைப் பிரித்துவைப்பது.

பனையோலை

கம்பிவழி ஐயா சொன்ன வரிசையில் கேபிளை மாற்றினேன், எல்லாம் ஒரே வலையமைப்புக்கு வந்துவிட்டன. மிக்க நன்றி. ஆனால் நான் இணைக்க விரும்பும் கணினியில் ஹோம் பதிப்பு இருக்கிறது. அமைப்புகளில் ரிமோட் டெஸ்க்டாப்பைத் திறந்தால் இந்தப் பதிப்பில் இல்லை என்கிறது. இணையத்தில் அதையும் இயக்க ஏதோ ஒரு சிறு நிரல் இருப்பதாகப் படித்தேன்.

கம்பிவழி

ஹோம் பதிப்பிலிருந்து பிற கணினிகளுக்குப் போகலாம். ஹோம் பதிப்புக்குள் யாரும் வர முடியாது. புரோ, எண்டர்பிரைஸ், எஜுகேஷன் பதிப்புகளில்தான் அது உண்டு. அந்தச் சிறு நிரல்கள் விண்டோஸின் உள்கோப்புக்கு மேல் ஏறி உட்காரும் வகை. ஒவ்வொரு புதுப்பிப்பிலும் உடைந்துபோகும், உரிம விதிகளுக்கும் ஒவ்வாதவை. வேண்டாம். கணினியைத் தொலைவிலிருந்து இயக்க உதவும் விஎன்சி வகை நிரல் ஒன்றையோ ரஸ்ட்டெஸ்க்கையோ நிறுவிக்கொள்ளுங்கள். விஎன்சி வழக்கமாக 5900 போர்ட்டில் கேட்கும். போர்ட் சோதனையை அந்த எண்ணில் செய்யுங்கள்.

மாடிப்படி

மீண்டும் நான்தான். முகவரியை ஒதுக்கிவிட்டேன், உறக்கத்தையும் நிறுத்திவிட்டேன். காலையிலிருந்து அம்மா வேலை செய்கிறார். இரண்டு குறைகள் சொல்கிறார். எப்போதாவது படம் சில நொடிகள் அப்படியே உறைந்துவிடுகிறது, இணைப்பு அறுவதில்லை. இரண்டாவதுதான் அவருக்குப் பெரிது. அம்மா தமிழ்99 விசைப்பலகையில் தட்டச்சு செய்பவர். மாடிக் கணினியில் விசைப்பலகையை மாற்ற விண்டோஸ் விசையோடு இடைவெளிப் பட்டையை அழுத்தினால், மாடிக்குப் பதிலாக மடிக்கணினியில் மாறுகிறது. சில சமயம் மாடிக் கணினியில் அவர் சேர்க்காத விசைப்பலகைகள் பட்டியலில் தோன்றுகின்றன.

கம்பிவழி

உறைவதற்கு: தரவை அனுப்ப டிசிபி, யூடிபி என்று இரண்டு முறைகள் உண்டு. ரிமோட் டெஸ்க்டாப் டிசிபியோடு யூடிபியையும் பயன்படுத்துகிறது. சில வைஃபை சூழல்களில் யூடிபி தடுமாறினால் இப்படித்தான் உறையும். மாடிக் கணினி புரோ பதிப்பு என்பதால் அதில் குழுக் கொள்கைத் தொகுப்பானை (குரூப் பாலிசி எடிட்டர்) திறந்து, ரிமோட் டெஸ்க்டாப் சர்வீசஸ், அதற்குள் செஷன் ஹோஸ்ட், அதற்குள் கனெக்‌ஷன்ஸ் என்று போங்கள். ஆர்டிபி (ரிமோட் டெஸ்க்டாப்) போக்குவரத்து நெறிமுறையைத் தேர்ந்தெடுக்கும் கொள்கை இருக்கும். அதை இயக்கி ‘டிசிபி மட்டும்’ என்று வைத்து, கணினியை மறுதொடக்கம் செய்யுங்கள்.

தட்டச்சுக்கு ஊசிநூல் அக்காவைக் கேட்போம். அவரும் தமிழில் நிறையத் தட்டச்சு செய்பவர்.

ஊசிநூல்

இது மிக எளிது தம்பி. ரிமோட் டெஸ்க்டாப் திறக்கும் சாளரத்தில் ‘ஷோ ஆப்ஷன்ஸ்’ என்பதை விரித்தால் ‘லோக்கல் ரிசோர்சஸ்’ என்ற தாவல் வரும். அங்கே விசைப்பலகை என்ற பகுதியில், விண்டோஸ் விசைக் கூட்டுகளை எங்கே செலுத்துவது என்று கேட்கும். முழுத்திரையில் மட்டும் என்பதுதான் இயல்பாக இருக்கும். அம்மா சாளரத்தைச் சிறிதாக வைத்து வேலை செய்கிறார் போலிருக்கிறது. அதைத் தொலைக் கணினியில் என்று மாற்றுங்கள். விண்டோஸ் விசையும் இடைவெளிப் பட்டையும் அதன் பிறகு மாடியிலேயே வேலை செய்யும்.

தானாகத் தோன்றும் விசைப்பலகைகள் மடிக்கணினியிலிருந்து இணைப்போடு சேர்ந்து போகின்றன. மடிக்கணினியின் பட்டியலை மாடிக் கணினியின் பட்டியல் போலவே வைத்துவிடுங்கள், ஆங்கிலமும் தமிழ்99-ம் மட்டும். அதன் பிறகு புதிதாக எதுவும் சேராது. தமிழுக்குத் தனி எழுதுமென்பொருள் பயன்படுத்துபவராக இருந்தால் அதை மாடிக் கணினியில் இயக்குங்கள், மடிக்கணினியில் வேண்டாம். இரண்டிலும் ஓடினால் ஒரே விசைக்கு இரண்டு மென்பொருளும் வேலை செய்து எழுத்துகள் சிதறும்.

மாடிப்படி

இரண்டும் சரியாகிவிட்டன அக்கா. டிசிபி மட்டும் என்று வைத்த பிறகு உறையவில்லை. விசைப்பலகை மாடியிலேயே மாறுகிறது. அம்மா இப்போது ஒரு நீண்ட அத்தியாயத்தில் இருக்கிறார். மதியச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டால்கூட ‘இந்தப் பத்தி முடியட்டும்’ என்கிறார். வேக்-ஆன்-லானை வேலை முடிந்த பிறகு முயல்கிறேன். தாய்ப்பலகையின் பெயரோடு புது இழையில் கேட்கிறேன்.